முரசைக் கரைப்பது யார்?

1970 ஆம் ஆண்டு நோர்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரல்ட் லோவும் அவருடைய சகாக்களும் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதிக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் தமிழர்கள், இளவயதினர். மிக இளையவருக்கு வயது 14. பல் தீட்டும் பிரஷ் அவர்கள் வாழ்க்கையில் இல்லை, பல் வைத்தியரின் கதிரையும் இல்லை. உழைத்து உரமேறிய உடம்பு. சாப்பாட்டுக் குறை பெரிதாகத் தெரியவில்லை. சூத்தைப் பல் கிட்டத்தட்ட ஒருவருக்கும் இல்லை. ஆகவே விழுந்த பல் எதுவானாலும் அது முரசு நோயால் விழுந்தது என்று துணிந்து சொல்லலாம். சிகிச்சை குறுக்கிடாவிட்டால் அந்த நோய் தன் போக்கில் எதுவரை போகும் என்று பார்ப்பதற்கு அதைவிடத் தோதான கூட்டம் கிடைக்காது என்பது ஆய்வாளர்களின் எண்ணம். வைத்தியம் எட்டாத ஏழ்மை ஒரு விஞ்ஞான வசதியாகிப் போனதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1985 வரை அதே வாய்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். 1986 இல் முடிவுகள் அச்சில் வந்தன. முரசு நோய் பற்றி அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த கதை அதற்குப் பிறகு பழையபடி நிற்கவில்லை.

அளக்கும் முறை எளிமையானது. மில்லிமீற்றர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கோல் ஒன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மெதுவாக இறக்குவார்கள். முரசு நன்றாக இருந்தால் கோல் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகாது. பல்லின் வெள்ளைப் பூச்சு முடியும் கோட்டிலிருந்து முரசின் பிடி எவ்வளவு கீழே இறங்கிவிட்டது என்பதுதான் இழப்பின் அளவு. அந்தத் தொழிலாளர்களில் 8 வீதமானோருக்கு 35 வயதில் சராசரியாக 9 மில்லிமீற்றர் இழப்பு. 45 வயதில் அது 13 மில்லிமீற்றர். ஒரு பல்வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். இவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கியது, 35 இல் பன்னிரண்டு போயின, 45 இல் வாய் வெறுமையானது. இன்னொரு 81 வீதத்தினருக்கு நோய் நிதானமாக நடந்தது: 35 வயதில் 4 மில்லிமீற்றர், 45 வயதில் ஏழு பற்கள் இழப்பு. மீதி 11 வீதத்தினருக்கோ 35 வயதில் ஒரு மில்லிமீற்றர்கூட இறங்கவில்லை. பல் விழவும் இல்லை.

இந்தக் கடைசி 11 வீதம்தான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டியது. அவர்கள் இரகசியமாகப் பல் தீட்டியவர்கள் அல்லர். மூன்று கூட்டத்தாரின் பற்களிலும் படலம் படிந்திருந்தது, காரை கட்டியிருந்தது, முரசு சிவந்து வீங்கியிருந்தது. ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே சாப்பாடு. பற்றீரியா முரசைத் தின்கிறது, தின்னத் தின்ன முரசு கரைகிறது என்பது மட்டும் உண்மையாக இருந்தால், ஒரே அளவு ஊத்தை ஒரே அளவு நாசத்தைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. இந்த அத்தியாயம் சொல்லவரும் வாதம் இதுதான்: முரசைக் கரைப்பதும் எலும்பை அரிப்பதும் பெரும்பாலும் நம்முடைய சொந்தக் கலங்கள் செய்யும் வேலை. பற்றீரியாக்கள் அந்த வேலையைத் தொடக்கி வைக்கின்றன. அவற்றில் சில, அது முடிந்துவிடாமலும் பார்த்துக்கொள்கின்றன. ஒருவருடைய பல்லின் கதி, வந்த பற்றீரியாவின் பெயரைவிட, அதைக் கண்ட முரசுக் கலங்கள் என்ன முடிவு எடுத்தன என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது.

தொற்று என்றதும் மதிலும் கோட்டையும் படையுமாகப் பேசுவது நம் வழக்கம். முரசைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு வழிதவற வைக்கிறது, ஏனென்றால் இங்கே மதிலே கிடையாது. உடம்பில் வேறெங்கும் இவ்வளவு கடினமான ஒரு பொருள் மேலணியைத் துளைத்துக்கொண்டு நிரந்தரமாக வெளியே நிற்பதில்லை. பல் மட்டும் நிற்கிறது. அந்தத் துளையைச் சுற்றிப் பல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கலப்பட்டிக்கு ஒட்டு மேலணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உள்ளங்கைத் தோலில் இருப்பது போன்ற கெட்டியான மேலடுக்கு அதற்கு இல்லை. கலங்களுக்கிடையே இணைப்புகள் குறைவு, இடைவெளிகள் அதிகம். ஒரு கிழமைக்குள் பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அந்த இடைவெளிகளின் ஊடாகக் குருதியிலிருந்து வடியும் நீர் எப்போதும் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. மட்டக்களப்பு வாவி கடலைச் சந்திக்கும் பாலமீன்மடு முகத்துவாரத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்கும். மணல் மூடிக்கிடந்தால் மாரி வெள்ளம் படுவான்கரை வயலை மூழ்கடிக்கும். வாயைத் திறந்தால் உள்நீர் வடியும், ஆனால் அதே வாயால் உப்புநீரும் உள்ளே ஏறும். ஒட்டு மேலணியும் அப்படித்தான், வெளியே தள்ளுவதற்காகத் திறந்து வைத்த வழி உள்ளே வருவதற்கும் வழி.

ஆனால் அந்தக் கலங்கள் சும்மா கிடப்பவை அல்ல. அவற்றின் மேற்பரப்பிலும் உள்ளேயும் உணரிப் புரதங்கள் இருக்கின்றன. பற்றீரியாவின் சுவரிலுள்ள கொழுப்புத் துண்டையும் வாலிலுள்ள புரதத்தையும் தொட்ட மாத்திரத்தில் அவை அறிந்துகொள்ளும். அறிந்ததும் கலம் இரண்டு காரியங்கள் செய்கிறது. ஒன்று, டிஃபென்சின் என்ற சிறு புரதங்களைச் சுரந்து பற்றீரியாவின் மென்சவ்வில் ஓட்டை போடுகிறது. மற்றது, இன்டர்லூக்கின்-8 என்ற சைகைப் பொருளை வெளியிடுகிறது. இது பல்லின் பக்கம் அடர்த்தியாகவும் இழையத்தின் உள்ளே ஐதாகவும் இருக்கும். நியூத்திரோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் இந்த அடர்த்திச் சரிவைப் பிடித்துக்கொண்டு, குருதிக் குழாயை விட்டிறங்கி, மேலணிக் கலங்களின் நடுவே உடம்பைச் சப்பையாக்கி நுழைந்து பல்லிடுக்குக்கு வருகின்றன. இது நோய்க்கால நடவடிக்கை அல்ல. ஆரோக்கியமான வாய்க்குள்ளும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30,000 வெண்குருதிக் கலங்கள் இப்படி வந்து சேர்கின்றன என்று ஷியோட்டும் லோவும் 1970 இல் கணக்கிட்டார்கள். நல்ல முரசு என்று நாம் சொல்வது அமைதியான முரசை அல்ல. அளவோடு அழற்சி கொண்டு, அந்த அளவைக் காத்துவரும் முரசைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

அளவு தப்பும்போது என்ன நடக்கும் என்பதை அதே லோ 1965 இல் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் காட்டியிருந்தார். முரசு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் தீட்டுவதை நிறுத்தினார்கள். 10 நாட்களுக்கும் 21 நாட்களுக்கும் இடையில் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. திரும்பவும் தீட்டத் தொடங்கியதும் சில நாட்களில் அது போய்விட்டது. இழையத்தை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் முதல் நான்கு நாட்களிலேயே குருதிக்குழாய்கள் விரிவதையும் நியூத்திரோபில்கள் பெருகுவதையும், ஒரு கிழமைக்குள் முரசைப் பல்லோடு கட்டிவைக்கும் கொலாஜன் நார்கள் அந்த இடத்தில் கரையத் தொடங்குவதையும் கண்டார்கள். பல் தீட்டும்போது எச்சிலில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு இதன் வெளித்தோற்றம்தான்: மேலணி மெலிந்து, அதற்கடியில் குருதிமயிர்க்குழாய்கள் புடைத்து நிற்கின்றன, பிரஷ் மயிர் பட்டதும் உடைகின்றன. நோகாது. நோகாததால்தான் ஊரில் அதை யாரும் நோயாகக் கணக்கெடுப்பதில்லை.

கொலாஜனைக் கரைத்தது யார் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். முரசின் உள்ளே நார்களை நெய்து பராமரிப்பவை நார்க்கலங்கள். பழைய நாரை வெட்டி எடுத்துப் புதியதை இடுவது அவற்றின் அன்றாடத் தொழில், அதற்குரிய வெட்டும் நொதியங்களும் அவற்றின் கைவசமே இருக்கின்றன. மேலணிக் கலங்களிலிருந்து அபாயச் சைகை வந்துகொண்டே இருந்தால் நார்க்கலம் வெட்டுவதைக் கூட்டி நெய்வதைக் குறைத்துவிடும். அங்கே வந்து குவிந்த நியூத்திரோபில்களும் தம்மிடமுள்ள கொலாஜன் வெட்டும் நொதியத்தைச் சிந்துகின்றன. கூட்டம் பெருகி வெண்குருதிக் கலங்களுக்கு அசைய இடம் வேண்டியிருக்கும்போது நார்களை அகற்றுவது ஒருவகையில் நியாயமான ஏற்பாடு. சைகை மேலும் நீடித்தால் அடுத்த கட்டம் எலும்பு. அங்கே குவிந்த ரீ, பீ நிணநீர்க் கலங்களும் நார்க்கலங்களும் எலும்பை அரிக்கும் கலங்களை எழுப்பிவிடும் புரதத்தை வெளியிடுகின்றன. அவை தாடை எலும்பின் விளிம்பைத் தின்று பின்வாங்கச் செய்கின்றன. தொற்று எலும்பை எட்டுவதற்கு முன்னரே எலும்பு ஒதுங்கிக்கொள்கிறது என்றும் இதைப் பார்க்கலாம். இத்தனை வேலையிலும் எந்த ஒரு பற்றீரியாவின் பல்லும் படவில்லை.

அப்படியானால் பற்றீரியாவுக்கு இதில் என்ன இலாபம்? இங்கேதான் போர்பைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற நுண்ணங்கி வருகிறது. ஒட்சிசன் அதற்கு ஆகாது; ஆழமான இடுக்கில்தான் வாழும். சூத்தையை உண்டாக்கும் நுண்ணங்கிகளைப் போலச் சீனியை நம்பி அது வாழ்வதில்லை. உடைந்த புரதத் துண்டுகளும் குருதியிலுள்ள இரும்புச் சேர்வையும் அதற்கு வேண்டும். அழற்சி கொண்ட முரசிலிருந்து வடிவது அதுவேதான். ஆகவே இந்தப் பற்றீரியாவுக்கு ஓர் இக்கட்டு: அழற்சி இல்லாவிட்டால் பட்டினி, அழற்சி முறையாக நடந்தால் நியூத்திரோபிலின் வாய்க்குள் சாவு. அது கண்ட வழி வியப்பானது. 1998 இல் டார்வோவும் லமொண்டும் சகாக்களும் காட்டியபடி, மற்றப் பற்றீரியாக்களைக் கண்டு இன்டர்லூக்கின்-8 ஐச் சுரக்கும் முரசு மேலணிக் கலம், இதைச் சந்தித்ததும் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. கூட இருக்கும் வேறு பற்றீரியாக்களுக்காகக்கூடச் சுரப்பதில்லை. கலத்துக்குள் அபாயச் சைகையைக் கொண்டுபோகும் ஒரு புரதத்தை இதன் நொதியம் செயலிழக்கச் செய்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. அடர்த்திச் சரிவு அழிந்துவிட்டால் நியூத்திரோபில்களுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. மறுபக்கம், ஜிஞ்சிபெயின் என்ற அதன் வெட்டு நொதியங்கள் குருதியிலுள்ள ஒரு பாதுகாப்புப் புரதத்தை வெட்டி அழற்சியைத் தூண்டும் துண்டைத் தாமே உண்டாக்குகின்றன. கொல்லும் பகுதியை அடக்கி, கசியும் பகுதியைக் கூட்டிவிடுகிறது.

அதோடு நிற்பதில்லை. தன் மேலுள்ள நுண்மயிர்களால் மேலணிக் கலத்தின் பிடிப்புப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, 15 நிமிடத்துக்குள் கலத்தின் உள்ளே போய்க் கருவைச் சுற்றிக் குடியேறிவிடுகிறது. தொற்றிய கலம் தன்னையே அழித்துக்கொள்வது உடம்பில் வழமையான ஏற்பாடு. இது அந்தச் சாவையும் தள்ளிப்போடுகிறது. கலம் பார்வைக்கு நலமாகவே இருக்கும். உள்ளேயிருந்து பக்கத்துக் கலத்துக்கு, வெளியே தலைகாட்டாமலே, கலத்தின் சொந்த நார்ச்சட்டகத்தைப் பயன்படுத்தி அது நகர்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். 2011 இல் ஹாஜிஷெங்காலிஸ் குழு எலிகளில் செய்த பரிசோதனை இதற்கெல்லாம் ஒரு சட்டம் போட்டுத் தந்தது. வாயிலுள்ள மொத்தப் பற்றீரியாத் தொகையில் 0.01 வீதத்துக்கும் குறைவாக இதைச் சேர்த்தாலே மற்றப் பற்றீரியாக்கள் பெருகி, கூட்டத்தின் தன்மை மாறி, எலும்பு கரைந்தது. ஆனால் வேறு நுண்ணங்கி எதுவும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலியில் இதை மட்டும் தனியே விட்டபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாதுகாப்புப் புரதத் துண்டுக்கான உணரி இல்லாத எலிகளிலும் கரையவில்லை. கெட்ட பற்றீரியா இருந்தால் மட்டும் போதாது. அது ஏமாற்றுவதற்கு நம் கலங்கள் காட்டும் ஒரு பதில், அதாவது ஒரு துலங்கலும், பெருகுவதற்கு ஒரு கூட்டமும் வேண்டும்.

முதல் ஆட்சேபம் தேயிலைத் தோட்டத்திலிருந்தே வரும். அந்த 8 வீதத்தினருக்கு வேறு பற்றீரியா இருந்திருக்கலாமே? ஊத்தை ஒரே அளவு என்பதால் ஊத்தைக்குள் இருந்ததும் ஒன்றே என்று ஆகாதே? நியாயமான கேள்வி. மொரோக்கோவில் இளவயதினரிடம் பல்லை வேகமாகப் பறிக்கும் ஒரு பற்றீரியாவின் குறிப்பிட்ட வம்சம், வெண்குருதிக் கலங்களைக் கொல்லும் நஞ்சை மிகையாகச் சுரப்பது, உண்மையாகவே ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2008 இல் உறுதியானது. ஆகவே பற்றீரியாவின் இனம் ஒரு பொருட்டே அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாதத்தின் எடை எந்தப் பக்கம் என்பதை இரண்டு அபூர்வப் பிறவிக் குறைபாடுகள் காட்டுகின்றன. ஒன்றில், நியூத்திரோபில்கள் குருதிக்குழாயின் சுவரைப் பிடித்து வெளியேறுவதற்கு வேண்டிய ஒட்டுப் புரதம் பழுதான நிலையில் சிலர் பிறக்கிறார்கள். சிறுவயதிலேயே பல் ஆடி விழும். கண்காணிக்க ஆளில்லாமல் பற்றீரியா பெருகுவதால் இப்படியாகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2014 இல் முட்சொபூலஸ் குழு அந்த முரசுகளை ஆராய்ந்தபோது பற்றீரியாக்கள் பல்லின் மேலேயே இருந்தன, இழையத்துக்குள் ஊடுருவவில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்தது இன்டர்லூக்கின்-17 என்ற சைகை. அந்தச் சைகையின் ஊற்றை அடைக்கும், சொரியாசிஸ் தோல் நோய்க்கான மருந்து ஒன்றை ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். முரசு தணிந்தது. மற்றக் குறைபாட்டில், இன்டர்லூக்கின்-17 ஐச் சுரக்கும் கலங்களே பிறவியில் இல்லை. இவர்களுக்கு வாயில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும், ஆனால் முரசு எலும்பு கரைவது மற்றவர்களைவிடக் குறைவு. துலங்கல் மிகுந்தால் பல் போகிறது, அந்தத் துலங்கலே இல்லாவிட்டால் எலும்பு மிஞ்சுகிறது.

இரண்டாவது ஆட்சேபத்தை ஆய்வுகூடத்தைத் தெரிந்தவர்கள் எழுப்புவார்கள், அது இன்னும் கூர்மையானது. கலம் பற்றீரியாவுக்கு எப்படித் துலங்குகிறது என்பதில் நமக்குத் தெரிந்த பெரும்பங்கு பிளாஸ்டிக் தட்டில் ஒற்றை அடுக்காக வளர்த்த கலங்களிலிருந்து வந்தது. ஒரு கலத்துக்கு நூறு பற்றீரியா என்ற விகிதத்தில் ஊற்றுவார்கள்; ஒட்சிசன் ஆகாத பற்றீரியாவை ஒட்சிசன் நிறைந்த பெட்டியில் வைப்பார்கள்; சில மணித்தியாலங்களில் கணக்கெடுத்து முடிப்பார்கள். முப்பது வருடம் நடக்கும் நோய்க்கு மூன்று மணித்தியால மாதிரி. இதை மறுக்க முடியாது, தட்டிலிருந்து மட்டும் வரும் எந்த முடிவையும் அரை நம்பிக்கையோடு வைத்துக்கொள்வதே சரி. ஆனால் 2021 இல் மனிதர்களின் முரசிலிருந்தே எடுத்த இழையத்தைக் கலம் கலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று படித்த வரைபடம் ஒன்று வந்தது. வெறும் நெசவாளிகள் என்று எண்ணியிருந்த நார்க்கலங்கள் நியூத்திரோபில்களை அழைக்கும் சைகைகளை உரத்துச் சொல்பவை என்று அதில் தெரிந்தது. நோயுற்ற முரசில் அது இன்னும் உரக்க. கன்னத்தின் உட்புறத்தை விட முரசில் இந்தப் போக்கு அதிகம். தட்டு சொன்னதை உயிருள்ள முரசும் சொல்லும்போது சந்தேகத்துக்கு இடம் குறைகிறது.

மூன்றாவதை எல்லோரும் கேட்பார்கள்: குற்றம் நம் கலங்களுடையது என்றால் ஏன் பல் தீட்ட வேண்டும்? ஏனென்றால் தூண்டுவது நிற்காமல் துலங்கல் நிற்பதில்லை. அந்த 480 பேரில் 75 பேரை 2010 இல், நாற்பது ஆண்டுகள் கழித்து, மீண்டும் தேடிப் பார்த்தார்கள். இளவயதில் படலமும் காரையும் முரசு அழற்சியும் எவ்வளவு என்பது பிற்காலப் பல் இழப்போடு தெளிவாகத் தொடர்புபட்டிருந்தது. ஆனால் தூண்டுதலை அகற்றுவதுதான் ஒரே வழி என்றும் இல்லை. டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக்கை, பற்றீரியாவைக் கொல்லப் போதாத 20 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை கொடுத்தாலும், காரை நீக்கியதோடு சேர்த்து முரசுப் பிடி கூடுகிறது; அந்த அளவில் அது தடுப்பது நம் கொலாஜன் வெட்டும் நொதியத்தை மட்டும். அமெரிக்கா இதை 1998 இல் அங்கீகரித்தது. ஜிஞ்சிவாலிஸ் திரித்துப் பயன்படுத்தும் அதே பாதுகாப்புப் புரதத் தொடரை அடைக்கும் மருந்தொன்றைக் கிழமைக்கு ஒருமுறையாக மூன்று தரம் முரசில் ஊசியாக ஏற்றிய பரிசோதனையின் முடிவு 2021 இல் வந்தது. 90 நாள் கழித்தும் அழற்சி குறைந்தே இருந்தது. அன்ரிபயோட்டிக் அல்லாத மருந்தால் முரசு தணிகிறது என்றால், தணிந்தது எது என்பது வெளிப்படை.

இனி மட்டக்களப்பின் எழுவான்கரைக்கு வருவோம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே களுதாவளை மணலில் வெற்றிலைக் கொடி செழித்து வளர்கிறது. கலியாணத்திலும் கோயிலிலும் செத்த வீட்டிலும் வட்டாவில் வெற்றிலை வைக்காமல் காரியம் நடக்காது. வெற்றிலை போடுபவருக்குப் பல் உறுதி என்பது இங்கே பரவலான நம்பிக்கை. எழுபது வயதிலும் முறுக்குக் கடிக்கும் ஒரு கிழவியை ஒவ்வொரு ஊரும் சாட்சிக்குக் கூப்பிடும். நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. வெற்றிலையிலுள்ள ஒரு சேர்வை ஆய்வுகூடத்தில் வாய்ப் பற்றீரியாக்களைக் கொல்லவே செய்கிறது. பற்றீரியாதான் முரசைத் தின்கிறது என்ற பழைய கதை சரியென்றால் வெற்றிலைக்கார வாய்தான் உலகத்திலேயே நல்ல வாயாக இருக்க வேண்டும். ஆனால் இலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கைச் சீவி வைத்து, புகையிலைத் துண்டையும் சேர்த்து மடித்துக் கடைவாயில் அடக்கும்போது, சாறு போய்ச் சேர்வது பற்றீரியாவிடம் மட்டுமல்ல. பாக்கின் அரிகொலின் முரசு நார்க்கலங்கள் பல்வேரைப் பற்றிக்கொள்வதையும் பெருகுவதையும் குறைக்கிறது. பாக்குச் சாறு நியூத்திரோபிலின் கொல்லும் திறனையும் மட்டுப்படுத்துகிறது என்று தாய்வானில் நடந்த ஆய்வுகள் காட்டின. புகையிலையின் நிக்கொட்டின் குருதிக்குழாயைச் சுருக்குவதால், முரசு உள்ளே அழுகினாலும் குருதி வராது. உறுதி என்று ஊர் நினைப்பதில் ஒரு பங்கு இந்த வராத குருதி. இவையும் பெரும்பாலும் தட்டில் பார்த்தவைதான் என்பதால் மேலே சொன்ன அரை நம்பிக்கை இங்கேயும் பொருந்தும். அதே பாக்கு கன்னத்தில் நார்க்கலங்களை மிகையாக நெய்ய வைத்து வாய் திறக்க முடியாதபடி இறுக்குகிறது என்பதையும் வைத்துப் பார்த்தால், கதை ஒற்றை வரியில் அடங்குவதில்லை. அந்தக் கிழவியைப் பொறுத்தவரை, எந்தக் கூட்டத்திலும் வெற்றிலை போட்டாலும் போடாவிட்டாலும் பல் விழாத ஒரு சிறு பங்கினர் இருப்பார்கள் என்பதற்கு அந்த 11 வீதம் சாட்சி. மற்றவர்களின் சாட்சியம் ஊரில் வேறொரு வடிவில் இருக்கிறது. வெற்றிலையையும் பாக்கையும் இடித்து மெதுவாக்கும் கையளவு உரல், பல் போனவர்களுக்காகவே செய்யப்பட்ட சாமான்.

உமிக்கரியாலும் வேப்பங்குச்சியாலும் தீட்டினால் போதாதா என்பதற்குப் பதில் சுருக்கமானது: அவை எட்டுவது பல்லின் முகப்பை, நோய் தொடங்குவது பல்லும் பல்லும் சேரும் இடுக்கில். நீரிழிவைப் பற்றி அப்படிச் சுருக்க முடியாது. குருதியில் குளுக்கோசு நீண்டகாலம் மிகுந்திருந்தால் அது புரதங்களில் ஒட்டி அவற்றை மாற்றிவிடும். மாறிய புரதங்களைக் கண்ட கலங்கள் அதே பற்றீரியாவுக்கு இன்னும் உரத்துத் துலங்குகின்றன, காயம் ஆற்றும் வேலை பிந்துகிறது. போக்குவரத்து இரு பக்கமும் உண்டு. முரசு நோய் முற்றியவரின் வாயில் எல்லாப் பல்லிடுக்குகளையும் சேர்த்தால் அழற்சி கொண்ட பரப்பு 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரை வரும். அவ்வளவு புண் காலில் இருந்தால் எந்த நீரிழிவு நோயாளியும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். முரசுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில், மூன்று மாதச் சராசரி சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி ஏறக்குறைய 0.4 புள்ளி குறைகிறது என்று 2022 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. வாயில் ஒரு பற்றீரியாவைத் துடைத்ததற்குக் குருதியில் சீனி ஏன் குறைய வேண்டும் என்பதைத் தின்னும் கதையால் விளக்க முடியாது. துலங்கும் கதையால் முடியும்.

2018 இல் வெளியான புதிய உலக வகைப்பாடு இந்தச் சிந்தனையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முரசு நோயை இனி அது போகும் வேகத்தால் ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள்: ஐந்து ஆண்டுகளில் இழப்பே இல்லாதது ஏ, இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்தது பி, அதற்கு மேற்பட்டது சி. மலையகத்தின் மூன்று கூட்டங்களையும் அந்த மூன்று எழுத்துகளுக்குள் அடையாளம் காணலாம். தரத்தை உயர்த்தும் காரணிகளாக அட்டவணையில் இரண்டு இருக்கின்றன: நாளுக்குப் பத்துக்குக் குறையாத சிகரெட், 7 வீதமும் அதற்கு மேலுமான எச்பிஏ1சி. எந்தப் பற்றீரியாவின் பெயரும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. இடம்பெற்ற இரண்டுமே நம் கலங்களின் துலங்கலை மாற்றுபவை. அட்டவணை எழுதுவதற்கான மாநாடு நடந்தது சிகாகோவில். பாக்கு அதில் இல்லை. மட்டக்களப்பில் கோலை இறக்கி அளக்கும் வைத்தியர் சிகரெட்டைக் கேட்டு, சீனியைக் கேட்டு, அதன் பிறகு அட்டவணையில் கட்டம் இல்லாத அந்த மூன்றாவது கேள்வியையும் தானாகக் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.